கடுகுக்கு இன்னிக்கு 71 கிராம்

செல்வி புள்ள,

நல்லா இருக்கியா, அத்தைக்கு முட்டி வலி தேவலயா, அண்ணன் இன்னும் நைட் ஷிப்ட்தானா? திருப்பூர்லயே குளிருதுன்னு ஸ்வெட்டர் போடறியாமே, கோத்தகிரில பொறந்தவ பேசற பேச்சா அது? இங்க வந்து பாரு, விடிகாலைல புல்லு மேல வெள்ளையா பனி படிஞ்சு கெடக்குது, மாமியாருக்கு சளி விடவே மாட்டேங்குது. பிஸ்கட் பாலு கல்யாணத்துல எல்லாரும் உன்னத்தான் கேட்டாங்க.

சரி, விஷயத்துக்கு வரேன். போன்ல சொன்னா நீ பாதில கட் பண்ணி அப்பறம் பேசறேன்னுவ, அதான் உக்காந்து எழுதறேன். யாழினியோட கினிப் பன்றி குட்டி போட்டிருக்கு. ஆமா, கடைல ரெண்டும் பொட்டன்னு அடிச்சு சொல்லி குடுத்தாங்களே, அதே ஜோடிதான். வயிறு ரெண்டு பக்கமும் பலாப்பழமாட்டம் உருண்டு வந்தப்பவே ஆண தனிப் பெட்டிக்கு மாத்திட்டோம், ஏன்னா குட்டி போட்ட அன்னிக்கே இதுங்க மறுபடி சினை புடிச்சிரும், தாய் ஒடம்பு என்னத்துக்கு ஆகும் சொல்லு.

மூணு குட்டி. எலிக்குட்டி மாதிரி கண்ணு மூடி செவப்பா இருக்கும்னு நெனச்சியா? அதெல்லாம் இல்ல. ரெண்டு மாசத்துக்கு மேல வயித்துல சொமந்து முழுசாத்தான் பெத்துப் போடுது, முடி, பல்லு, தொறந்த கண்ணு எல்லாத்தோடயும் வந்து கொஞ்ச நேரத்துல நடக்கவே ஆரம்பிச்சிருச்சுங்க. நான் சாக்லேட் நிறுக்கற தராசு இருக்கில்ல, அதுல டபராவ வெச்சு உள்ள துணி போட்டு நிறுத்தேன். ஒண்ணு 92, ஒண்ணு 88. மூணாவது 54. தப்பா காட்டுதோன்னு துணிய ஒதறி மறுபடி வெச்சேன், 54தான். 60க்கு கீழ பொறந்தா பொழைக்கறது கஷ்டம்னு படிச்சிருந்தேன், கையெல்லாம் சில்லுன்னு ஆயிருச்சு எனக்கு.

பேரு கடுகு. யாழினி வெச்சா.

இதுங்களோட அம்மாவுக்கு காம்பு ரெண்டே ரெண்டுதான் செல்வி. பெரிய ரெண்டும் ஆளுக்கொண்ண புடிச்சுக்கும், கடுகு நடுவுல மூக்க நுழைச்சுப் பாக்கும், தள்ளி விட்ருவாங்க, அப்படியே வைக்கோல்மேல குந்திக்கும். கத்தக்கூட மாட்டேங்குது, அதுதான் எனக்கு பயமே, மத்தது ரெண்டும் தட்டு சத்தம் கேட்டாலே விக் விக்னு வீட்ட ரெண்டாக்குதுங்க. மறுநாள் நிறுத்தா 49. மொத ரெண்டு மூணு நாள்ல எல்லா குட்டியும் கொஞ்சம் எளைக்குமாம், ஆனா 54லேருந்து எளைக்க என்ன இருக்கு.

மாமியார், "நோஞ்சான் குட்டிய தாயே ஒதுக்கிரும், விட்டுரு"ன்னாங்க. ஒதுக்கவே இல்ல புள்ள, நான் பக்கத்துலயே உக்காந்து பாத்தேன், அது மூணையும் ஒரே மாதிரிதான் நக்குது, கர்ருன்னு அடித்தொண்டைல ஒரு சத்தம் போட்டு கூப்பிடுது. எடந்தான் பத்தல. அதனால தாய விட்டுப் பிரிக்க மாட்டேன்னு முடிவு பண்ணிட்டேன். பெரிய ரெண்டையும் கொஞ்ச நேரம் கூடைல தூக்கி வெச்சுட்டு கடுக மட்டும் அம்மாகிட்ட விட்டேன். அது போய் காம்ப புடிச்சுது பாரு, பின்னங்கால் ரெண்டும் நடுங்க நடுங்க, காது ரெண்டும் அசைய அசைய இழுத்துச்சு! நான் மூச்சுக்கூட மெதுவா விட்டேன். இப்ப அதுதான் எங்க வீட்டு டைம் டேபிள், சோறு வடிக்கறது கூட அதுக்கப்பறந்தான்.

பால் பத்தாத நேரத்துக்கு கீழ் ஊருலேருந்து ஆட்டுப்பால் வாங்கி, காய்ச்சி ஆற வெச்ச தண்ணி கலந்து, ஊசி இல்லாத ஒரு எம்எல் சிரிஞ்சுல சொட்டு சொட்டா குடுக்கறேன். கொழந்தைய மடில மல்லாத்தி சங்குல புகட்டுவோமே அப்படி இத பண்ணவே கூடாது. நாலு காலும் ஊனி நிக்க வெச்சு வாயோரத்துல ஒரு சொட்டு வெக்கணும், அது நக்கி முழுங்கினதும் அடுத்த சொட்டு. அவசரப்பட்டு அமுக்கினா நொரையீரலுக்குப் போயிரும், அப்பறம் நிமோனியாதான். ஒடம்பு சில்லுன்னு இருக்கறப்ப பாலே குடுக்கக் கூடாது, மொத சூடு, அப்பறந்தான் பால், ஏன்னா குளுந்து போன வயித்துல செரிமானமே நடக்காது. இந்த ஊர் பனில சூடுதான் பெரிய பாடு. வெந்நி பாட்டில எங்கப்பாவோட பழைய கம்பளிக் குல்லாக்குள்ள நுழைச்சு பெட்டில ஒரு பக்கம் மட்டும் வெச்சிருக்கேன், சூடு ஜாஸ்தியானா அது தானா தள்ளிப் போகணுமில்ல. ராத்திரி கரண்ட் போனாலும் வெந்நி இருக்கும், அதனால ஹீட்டர நான் நம்பல.

நாய் மாடு பாக்கற டாக்டர்ங்க பல பேருக்கு இது பழக்கமில்ல. தேடிப் போய் ஒருத்தங்கள பாத்தோம், நல்லவங்க, பொறுமையா சொன்னாங்க. தாயோட புழுக்கைல மெத்துன்னு ஒரு வகை வரும், அத குட்டிங்க திங்கும், அதுலேருந்துதான் குடலுக்கு வேண்டிய நல்ல கிருமிங்க கெடைக்கும், ஆகையால அருவருப்புப் பட்டு கூட்டிட வேணாம்னாங்க. அவங்க சொன்ன இன்னொண்ணு உசுர காப்பாத்துச்சுன்னு நெனைக்கறேன். தெரிஞ்சவர் ஒருத்தர், கொழந்தைங்களுக்கு குடுக்கற அமாக்ஸிசிலின் சிரப்ப ரெண்டு சொட்டு விடுங்க தேறிரும்னு கொண்டு வந்து குடுத்தார். அது மாதிரி பென்சிலின் வகை மருந்து வாய் வழியா போனா இதுங்க குடல்ல இருக்கற நல்ல கிருமி செத்து, கெட்டது பெருகி, ஜீவனே போயிரும்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க. வாங்கி வெச்சுக்கிட்டு அவர் போனதும் கொட்டிட்டேன்.

அம்மாக்காரிக்குத்தான் இப்ப ராஜ உபசாரம். கிக்குயு புல்லு எவ்ளோ வேணா கெடக்குது, கூட தெனமும் கொய்யாத் துண்டு, கொடமொளகா. நம்மள மாதிரியே இதுங்க ஒடம்புக்கும் விட்டமின் சி தானா பண்ணிக்கத் தெரியாது, சாப்பாட்டுல வந்தாத்தான் உண்டு, பாலூட்டறப்ப இன்னும் ஜாஸ்தி வேணும். உங்க சித்தப்பா வேல பாத்தாரே குன்னூர் பாஸ்டியர் இன்ஸ்டிடியூட், அங்கதான் மெக்காரிசன்னு ஒரு வெள்ளக்கார டாக்டர் 1918ல ஒரு ரூம்ல சத்துணவு ஆராய்ச்சி ஆரம்பிச்சாராம், இதுங்களுக்கு சத்தில்லாத தீனி போட்டு ஸ்கர்வி, அதான் விட்டமின் சி இல்லாம வர்ற நோய், எப்படி வருதுன்னும் பாத்திருக்காரு. அந்த ஆராய்ச்சிக்கூடம்தான் 1958ல ஹைதராபாத் போச்சு. ஸ்கூல்ல டூர் போனப்ப இதெல்லாம் யாராச்சும் சொன்னாங்களா? இந்தப் பக்கத்து மலைல அடைச்சு வெச்சுப் பட்டினி போட்ட ஜீவனுங்க செல்வி. கொய்யா நறுக்கறப்ப அந்த நெனப்பு வருது.

உனக்கு எழுதறதுக்கு உண்மையான காரணம் என்னன்னா, உன் சின்னவன் 1400 கிராம்ல பொறந்து கோயமுத்தூர் ஆஸ்பத்திரில கெடந்தப்ப நான் வந்தேன்ல, நீ அவன நைட்டிக்குள்ள நெஞ்சோட கட்டிக்கிட்டு சாஞ்சிருந்த. சாப்பிட்டியான்னு கேட்டேன். "நேத்து இருவது கிராம் ஏறிருக்கான்"ன. என்ன இவ, கேட்டதுக்கு பதில் சொல்லலியேன்னு அன்னிக்குத் தோணுச்சு. இப்ப தெரியுது. கொழந்தையும் கினிப் பன்றியும் ஒண்ணான்னு கேக்காத, ஒண்ணுன்னு சொல்ல வரல. நீ அங்க தனியா தராசப் பாத்துக்கிட்டு எத்தன ராத்திரி கெடந்திருப்ப, பக்கத்துல இருந்து கேக்க ஆளில்லாமன்னு இப்ப நெனச்சு நெனச்சு அழுதேன். அத உன்கிட்ட சொல்லணும்.

யாழினிகிட்ட நான் எதையும் மறைக்கல. பொழைக்கலாம், பொழைக்காமயும் போகலாம், இருக்கற வரைக்கும் குளிராம பசிக்காம பாத்துக்குவோம்னு சொல்லிட்டேன். அவ ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி எடைய ஒரு நோட்டுல எழுதறா. 49க்கு அப்பறம் 50, 53, நடுவுல ஒரு நாள் வயித்தால போயி 51, அன்னிக்கு வீட்டுல யாரும் சரியா பேசல, அப்பறம் மெல்ல ஏறி இன்னிக்கு காலைல 71! கொத்தமல்லித் தழையக் கூட கடிச்சுது, காம்ப வாய்க்குள்ள இழுத்து இழுத்து. ஆபத்து தீரலதான், ஆனா கத்த ஆரம்பிச்சிருச்சு, எனக்கு அது போதும்.

மாசக் கடைசில மேல வரேன்னியே, வரப்ப கோயமுத்தூர்ல பூனைக்குட்டிக்கு குடுக்கற பால் பவுடர் ஒரு டப்பா, ஒரு எம்எல் சிரிஞ்சு ஒரு பத்து வாங்கிட்டு வா, இங்க கெடைக்கல. பெரிய ரெண்டும் ஆண், மூணு வாரம் ஆனதும் தாய்கிட்டேருந்து பிரிச்சே ஆகணும், இல்லாட்டி அதுங்களாலயே தாய் சினையாயிரும். சின்னவன் ஆசப்படுவான்னா ரெண்டையும் சேத்தே எடுத்துட்டுப் போ, ஒத்தைல விட்டா ஏங்கிப் போயிரும். அங்க வெயில் தாங்காது, பாத்ரூம் பக்கத்துல இருக்கற அந்தக் குளுகுளு ரூம ஒழிச்சு வை. கடுக மட்டும் கேக்காத, தர மாட்டேன்.

வசந்தி