மாத்திரை வாங்கும் முன்

அன்புள்ள கதிரவா,

ஆபீசில் எடுத்த செக்கப் ரிப்போர்ட் வந்து சேர்ந்தது. சர்க்கரை, கொழுப்பு, ரத்தம் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. மலப் பரிசோதனையில் 'பிளாஸ்டோசிஸ்டிஸ் ஹோமினிஸ்' என்று ஒரு வரி வந்ததற்குத் தூக்கம் போய்விட்டதாம். வேலைக் காலம் முழுக்க லேபில் மைக்ராஸ்கோப் பார்த்தவள் பெற்ற பிள்ளை நீ!

ஸ்லைடில் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்தால் வட்டமாகத் தெரியும். நடுவே பெரிய வெற்றிடம், ஓரத்தில் நியூக்ளியஸ்கள். புழு இல்லை, ஒற்றைச் செல் உயிர். அதனால் உன் மாமியார் சொல்லும் பூச்சி மாத்திரைக்கும் விளக்கெண்ணெய்க்கும் இங்கே வேலை இல்லை. 1912-ல் பிரம்ப்ட் என்ற பிரெஞ்சுக்காரர் இந்தப் பெயரை வைத்தார். ரொம்பக் காலம் இதை ஈஸ்ட் என்றே நினைத்தார்கள். 1967-ல் சியர்ட் என்ற ஆய்வாளர், இல்லை, இது புரோட்டோசோவா, அதாவது அமீபா மாதிரி ஒற்றைச் செல் பிராணி என்றார். 1996-ல் மரபணுவைப் பார்த்தபோதுதான் பழுப்புக் கடற்பாசிக்குத் தூரத்துச் சொந்தம் என்று தெரிந்தது. குலம் கோத்திரம் கண்டுபிடிக்கவே இத்தனை வருஷம் என்றால், நோய் தருமா தராதா என்ற சண்டை இன்னும் ஓயாததில் ஆச்சரியம் என்ன?

உலகத்தில் நூறு கோடிப் பேருக்கு மேல் இது இருக்கும் என்கிறார்கள். ஆப்பிரிக்காவில் செனகல் நாட்டுப் பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. வயிற்றுக் கோளாறு இருந்த பிள்ளைகள், இல்லாத பிள்ளைகள் என்று சோதித்தவர்களில் ஒருவர் விடாமல் எல்லோருக்கும் இது இருந்தது. 2024-ல் வந்த பெரிய ஆய்வில் 32 நாடுகளைச் சேர்ந்த 56,989 பேரைப் பார்த்தார்கள். காய்கறி நிறைந்த நல்ல சாப்பாடு சாப்பிடுகிறவர்களிடம்தான் இது அதிகம். அதற்காக இது உடம்புக்கு நல்லது என்று துள்ளிக் குதிக்காதே. காய்கறி தின்னும் குடல் அதற்கு வசதியாக இருக்கிறது, அவ்வளவே என்றும் இருக்கலாம்.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். தீராத வயிற்றுப்போக்கு, தோல் தடிப்பு என்று வந்து, வேறு எதுவும் அகப்படாமல் இது மட்டும் இருந்தவர்கள் உண்டு. இதில் பல உட்பிரிவுகள் இருக்கின்றன. எல்லாம் ஒரே குணம் என்று யாரும் சொல்லவில்லை. மைக்ராஸ்கோப்பில் அவற்றைப் பிரித்தறியவும் முடியாது. ஆனால் 1986-ல் மார்க்கெல், உத்கவ் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் அப்படிப்பட்ட நோயாளிகளைத் திரும்பத் திரும்பச் சோதித்தபோது, பலரிடம் ஜியார்டியா, அமீபா மாதிரி வேறு கிருமிகள் ஒளிந்திருந்தன. எனக்குப் பிடித்த ஆய்வு அது. கண்ணில் பட்டவனையே திருடன் என்று பிடித்துக்கொண்டால் உண்மையான திருடன் தப்பித்துவிடுவான்.

அதனால் மெடிக்கல் ஷாப்பில் நீயாகப் போய் இந்த மாதிரிக் கிருமிக்குக் கொடுக்கும் மெட்ரோனிடசோல் மாத்திரை கேட்காதே. வாய் கசக்கும், குமட்டும், குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் அடிபடும். இத்தனைக்கும் அப்புறம் அந்தக் கிருமி போகாமல் இருப்பதும் சகஜம். மலத்தில் ரத்தம், காய்ச்சல், எடை குறைவது, ராத்திரி எழுப்பும் வயிற்றுப்போக்கு, இதில் எது வந்தாலும் டாக்டரிடம் போ. மற்ற காரணங்களை எல்லாம் பார்த்துவிட்டு, கடைசியில் அவர் இதற்கு மருந்து கொடுத்தால் சாப்பிடு. எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குக் கணக்கு வேறு, நீ அந்தப் பட்டியலில் இல்லை. மருமகளையும் குழந்தையையும் லேபுக்கு இழுத்துக்கொண்டு போகாதே.

சாயங்காலம் வயிறு உப்புகிறது என்றாயே, அது ரிப்போர்ட் வருவதற்கு முன்னாலேயே இருந்ததா? கேன்டீனில் பால் காபி எத்தனை குடிக்கிறாய்? இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா