"ராடருக்குத் தெரியாது, ஒலியை மிஞ்சும்" என்று தலைப்பிடும் முன்

யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவரும் நாளிதழ்கள், செய்தித் தளங்களின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஆளில்லாப் போர் விமானம் பற்றிய செய்தி எங்கிருந்து வந்தாலும், ராடருக்குத் தெரியாது, ஒலியை மிஞ்சும் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் போட்டுவிடுகிறீர்கள். வண்டு (ஆளில்லா வேவு விமானம்) சுற்றினால் பின்னால் கிபிர் (குண்டுவீச்சு விமானம்) வரும் என்று பதுங்குகுழிக்கு ஓடிய சனம் வாசிக்கிற பக்கங்கள் உங்களுடையவை. வேவுக்கு ஒன்று, குண்டுக்கு ஒன்று என்றிருந்ததை ஒன்றாக்கும் முயற்சி உண்மையில் நடக்கிறது. ஆகவே எது பறந்தது, எது இன்னும் திட்டம் மட்டும் என்று பிரித்து எழுதுங்கள்.

பிரான்ஸ் முன்னின்று செய்த நியூரோன் (2012), பிரித்தானியாவின் டரானிஸ் (2013), விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கிய அமெரிக்க எக்ஸ்-47பி, 2022 யூலை 1 அன்று சித்ரதுர்காவில் பறந்த இந்தியாவின் ஸ்விஃப்ட் எல்லாமே ஒலிவேகத்துக்குக் கீழே பறந்தவை. துருக்கியின் கிசிலெல்மா 2022 டிசெம்பரில் முதலில் பறந்தபோது அதில் பின்னெரிப்பான் (புகைவாயில் மேலும் எரிபொருள் எரித்து உந்துவிசை கூட்டும் பகுதி) இல்லாத எஞ்சின்தான் இருந்தது. அமெரிக்காவின் டி-21 1960களிலேயே மாக் 3ஐ, அதாவது ஒலிவேகத்தின் மூன்று மடங்கைத், தாண்டியது உண்மை. ஆனால் அது படம்பிடிக்க மட்டும், ஒருமுறைப் பாவனைக்கு. சீனாவுக்கு மேல் அனுப்பிய நான்கு தடவையும் படச்சுருள் கைக்கு வரவில்லை.

ஏன் இவ்வளவு கடினம்? முதலில் காற்றுவாய். எஞ்சினில் காற்றை அமுக்கும் கொம்பிரசர் அலகுகள் ராடர் அலையைப் பலமாகத் திருப்பியனுப்பும். அவற்றை மறைக்கக் காற்றுக் குழாயை வளைக்கிறார்கள். ஒலியை மிஞ்சும்போது உள்ளே வரும் காற்றை அதிர்ச்சியலைகளால் மட்டுப்படுத்தி, கொம்பிரசரை அடையுமுன் மாக் 0.5 அளவுக்குக் குறைக்க வேண்டும். அப்படி வரும் காற்று வளைவில் சுவரை விட்டுப் பிரிந்தால் அமுக்கம் ஒரு பக்கம் கூடி மறுபக்கம் குறையும்; எஞ்சின் திணறி அணையவும் கூடும். அடுத்தது வால். நிலைக்குத்து வால் இல்லாத இறக்கை வடிவம் ராடருக்கு நல்லது. ஆனால் ஒலியைத் தாண்டும்போது ஏற்றுவிசை மையம் இறக்கை நாணின் (முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரையான அகலம்) கால்பங்கிலிருந்து ஏறக்குறைய நடுவுக்குப் பின்வாங்கும், மூக்கு கீழே இழுக்கும், திசை உறுதியும் குறையும். அதைத் திருத்த இறக்கையின் அசையும் மடல்களை அசைத்தால் இழுவை கூடும். இடுக்குகள் ராடருக்குத் தெரியத் தொடங்கும்.

பிறகு சூடு. 11 கிலோமீற்றர் உயரத்தில் காற்று −56 பாகை. மாக் 0.9இல் மூக்கு நுனி ஏறக்குறைய −21 பாகை செல்சியசுக்கு வரும். மாக் 1.6இல் அதே நுனி +54 பாகை. வெப்பக் கதிர்வீச்சு மூன்று மடங்கை நெருங்குகிறது. ராடரை ஏமாற்றிய விமானம் அகச்சிவப்புக் கருவியிடம் அகப்படும். பின்னெரிப்பானைப் பற்றவைத்தால் உந்துவிசை அரைவாசி கூடும், எரிபொருளோ இரண்டு மடங்குக்கு மேல் போகும். ரஷ்யாவின் ஆளில்லா விமானமான ஒக்கோட்னிக்கின் முதல் மாதிரியின் புகைவாய் வட்டமாக வெளியே தெரிந்தது. பின்புறத்திலிருந்து பார்க்கும் ராடருக்கு அது ஒன்றே போதும்.

"தெரியாது" என்பதும் பிழை. பிடிபடும் தூரம் ராடர் குறுக்குப்பரப்பின் (ராடருக்கு விமானம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற அளவு) நான்காம் மூலத்தோடு மாறும். பரப்பைப் பத்தாயிரத்தில் ஒன்றாக்கினாலும் தூரம் பத்தில் ஒன்றாகத்தான் குறையும்: 200 கிலோமீற்றரில் தெரிந்தது 20இல் தெரியும். மீற்றர் அலைநீள ராடரிடம் பரப்பை இவ்வளவு குறைக்கவும் முடியாது. 1999 மார்ச் 27 அன்று சேர்பியாவில், ராடருக்குத் தெரியாது எனப்பட்ட அமெரிக்க எஃப்-117 சுட்டு வீழ்த்தப்பட்டதை நினைவிற் கொள்ளுங்கள்.

எங்களை அதிகம் உறுத்துவது வேறொன்று. புவிநிலைச் செய்மதி வழியாகப் படம் வந்து கட்டளை திரும்பிப் போக ஏறக்குறைய அரைச் செக்கன் ஆகும். அதற்குள் மாக் 1.6இல் பறப்பது 230 மீற்றருக்கு மேல் போய்விடும். இணைப்பு அலையே இடத்தைக் காட்டிக்கொடுக்கும் என்பதால் அதை அணைத்தும் வைப்பார்கள். எனவே வேகமும் மறைவும் கூடக்கூட, சுடும் முடிவு மனிதன் கையிலிருந்து கணினிக்கு நழுவுகிறது. 2023 டிசெம்பரில் ஐ.நா. பொதுச்சபை தாமாகவே சுட முடிவெடுக்கும் ஆயுதங்கள் பற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கு உங்கள் முதற்பக்கத்தில் இடம் கொடுங்கள்.

இனி இத்தகைய செய்தி வந்தால் எஞ்சின் எது, பின்னெரிப்பான் உண்டா, பறந்த திகதி எது, காட்டியது வெறும் மாதிரியுருவா, சுடும் அனுமதி யாரிடம் என்று தேடி எழுதுங்கள். விடை கிடைக்காவிட்டால் "நிறுவனம் கூறுகிறது" என்றாவது சேருங்கள். அச்சுக்குப் போகுமுன் பார்த்துத் திருத்தித் தர நாங்கள் ஆயத்தம்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் பௌதிகவியலும் பொறியியலும் கற்பிப்போர் சிலர்