நீ அனுப்பிய கூனிப் பொட்டலம்

டிக்கோயா
ஜூலை 14

அன்புள்ள அந்தோணி,

நீ பஸ்ஸில் கொடுத்துவிட்ட கூனிப் பொட்டலம், அதுதான் அந்தக் காய்ந்த பொடி இறால், கிடைத்ததா என்று இரண்டு முறை கேட்டாய். நான் வாய் திறக்கவில்லை. கிடைத்தது. வந்த மூன்றாம் நாளே அதைக் குப்பைக்குழியில் கொட்டிவிட்டார்கள். இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கியே மாதங்கள் ஓடிவிட்டன. மன்னித்துவிடு.

வீட்டில் எல்லோரும் சுகம். மழை விடவில்லை. மல்லிகா ஏழு மாதக் கர்ப்பிணி. பாலத்தடி வீரர் (நான்தான்) தாத்தாவாகப் போகிறார் என்று நீ ஊர் முழுக்கச் சொல்லித் திரிவாய். திரி, பரவாயில்லை.

நடந்தது இதுதான். இறாலில் பாதரசமும் ஈயமும் இருக்கிறதாம் என்று யாரோ சம்பந்தியம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். அன்றோடு இறால், கூனி, நெத்தலி எதுவும் வீட்டுக்குள் வரக்கூடாது என்றாகிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சிக்கு முள் இல்லாத மீன்தான் நல்லது என்று வாரம் இரண்டு முறை தளபத் துண்டு வாங்கினார்கள். பிள்ளை பிறந்ததும் பால் ஊற சுறா வறை என்றும் முடிவாகியிருந்தது. நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு கிளினிக்கில் மருத்துவிச்சி அம்மா, “என்ன மீன் கொடுக்கிறீர்கள்?” என்று கேட்டார். சொன்னோம். அவர் முகம் மாறிவிட்டது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன் பிறகு கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன்.

அந்தோணி, நாங்கள் பயந்தது தவறான மீனுக்கு. பாதரசம் கடலில் சின்ன உயிர்களில் தொடங்கி, அவற்றைத் தின்னும் மீனில் கூடி, அதையும் தின்னும் பெரிய மீனில் குவிகிறது. வயதும் பருமனும் ஏற ஏற அதுவும் ஏறும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் கணக்கில் ஒரு கிலோ இறாலில் சராசரி 0.009 மில்லிகிராம் பாதரசம், சுறாவில் 0.979. நூறு மடங்குக்கும் மேல்! தளபத், கொப்பரா போன்ற நீள்மூக்கு மீன்களும் பெரிய வேட்டைக்காரர்கள்தாம். கர்ப்பிணிகளுக்கு மிக நல்லது என்ற வரிசையில் இறால் இருக்கிறது, சுறா தவிர்க்கவேண்டிய வரிசையில் இருக்கிறது. சம்பந்தியம்மா கொறுக்காப்புளி போட்டு ஊறவைத்தால் எல்லாம் போய்விடும் என்கிறார். போகாது. அது சதையோடு சேர்ந்து நிற்கிறது. கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் அப்படியே இருக்கும்.

ஜப்பானில் மினமாட்டா என்ற கடலோர ஊர். தொழிற்சாலைக் கழிவிலிருந்த பாதரசம் விரிகுடா மீனில் ஏறி, மீனைத் தின்ற ஊரை முடக்கியது. 1956இல்தான் அந்த நோய் வெளியே தெரிந்தது. தனக்கு ஒரு குறையும் தெரியாத தாய்மார்கூட மூளை பாதித்த பிள்ளைகளைப் பெற்றார்கள். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, மல்லிகா தூங்கும் அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். நம் வீட்டு அளவு அதற்குப் பக்கத்தில்கூட வராது என்று மருத்துவிச்சி அம்மா சொல்கிறார். தளபத்தை நிறுத்தியாயிற்று. உடம்பிலிருப்பதும் மாதக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையுமாம்.

இறாலுக்கும் ஒரு குறை உண்டு, அதை மறைக்கமாட்டேன். கட்மியம் என்ற உலோகம் அதன் தலைக்குள் ஈரல் மாதிரி இருக்கும் பகுதியில்தான் அதிகம் சேரும். சிறுநீரகத்தில் தங்கினால் பத்து, இருபது வருடம் போகாது. நாம் ரெட்டைச்சடை டீச்சர் வீட்டில் இறால் தலையை உறிஞ்சி உறிஞ்சித் தின்றோமே, அந்தத் தலை! கூனியைத் தலையோடுதான் தின்கிறோம். காய்ந்ததில் நீர் வற்றி மற்றதெல்லாம் செறிந்திருக்கும். சம்பலில் ஒரு கரண்டி என்றால் எனக்குப் பயமில்லை. தினமும் கிண்ணம் கிண்ணமாக வேண்டாம்.

2021இல் கொழும்புக்கு அருகே கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது உன் படகு எத்தனை நாள் கரையில் கிடந்தது! கப்பலில் 25 தொன் நைத்திரிக் அமிலம், கரையெல்லாம் பிளாஸ்டிக் மணிகள். இங்கே மலையிலும் மீன் லொறியைக் கண்டு முகத்தைத் திருப்பினோம். எந்த மீன், எந்தக் கடல் என்று எவரும் கேட்கவில்லை. பயமும் அப்படி, பசியும் அப்படி. நஷ்டம் முழுவதும் உன்னைப்போன்றவர்கள் தலையில் விழுந்தது. இப்போது என் வீட்டிலேயே அதைச் செய்துவிட்டோம் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

இங்கே மீன் கடைப் பலகைக்கு வருவதெல்லாம் வெட்டிய துண்டு. துண்டைப் பார்த்து மீனின் வயதை யார் சொல்வது? அதனால் ஓர் உதவி செய். சாளை, நெத்தலி, சின்ன இறால், எதுவானாலும் முழுசாக அனுப்பு. களப்பில் பிடித்ததா, கடலில் பிடித்ததா, எந்தக் கரை என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வை. சம்பந்தியம்மாவுக்கு நானே வாசித்துக் காட்டுகிறேன். சுறா வறைக்குப் பதில் பிள்ளைபெற்றவளுக்கு உங்கள் கரையில் என்ன மீன் சமைப்பார்கள் என்று மேரியிடம் கேட்டு, செப்டம்பருக்குள் எழுது.

உன்
செல்லையா