அகத்தியமலை ஆர்க்கிட் நிற்கும் இடத்தை அச்சிட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தாவரங்களைப் பற்றித் தங்கள் இதழில் வரும் கட்டுரைகளை விடாமல் படிப்பவன் என்ற உரிமையில் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நம் அகத்தியமலையில் வளரும் பேஃபியோபெடிலம் ட்ரூரியை என்னும் மஞ்சள் நிறக் காலணி ஆர்க்கிட்டைப் பற்றி எழுத நேர்ந்தால், அது எந்தச் சரிவில், எந்தப் பாதையை ஒட்டி வளர்கிறது என்பதைத் தயவுசெய்து அச்சிடாதீர்கள்.

உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராத இந்தச் செடியை 1865இல் கர்னல் ஹீபர் ட்ரூரி நம் தென்மலைகளில் கண்டார். 1874இல் தாவர ஆய்வாளர் பெடோம் அதற்கு ட்ரூரியின் பெயரையே சூட்டினார். தென்னிந்தியாவுக்கு உரிய காலணி ஆர்க்கிட் இது ஒன்றுதான். இதன் இந்தியச் சொந்தங்களெல்லாம் 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால், வடகிழக்கு மாநிலங்களின் மலைகளில் இருக்கின்றன.

ஆர்க்கிட் என்றதும் ஈர நிழலில் மரக்கிளையைப் பற்றித் தொங்கும் செடிதான் நம் நினைவுக்கு வரும். இதுவோ ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்துக்கு மேல், வெயிலும் காற்றும் நேரடியாகத் தாக்கும் திறந்த சரிவில், பாறை இடுக்குகளிலும் புற்களுக்கு நடுவிலும், தரையோடு நீளும் கிழங்குத் தண்டைப் படரவிட்டு வளர்கிறது. ஆண்டின் முற்பகுதியில் ஒரு காம்புக்கு ஒரு பூ மலரும். மஞ்சள் இதழ்களின் நடுவே கருஞ்சிவப்புக் கோடு ஓட, கீழிதழ் செருப்பின் முன்பகுதியைப் போலக் குவிந்து பையாக நிற்கும். அந்தப் பைக்குள் விழும் பூச்சி, வழுக்கும் உட்சுவரில் ஏற முடியாமல், பூவின் பின்புறத்திலுள்ள சிறு துளை வழியாகத்தான் வெளியேற வேண்டும். போகிற வழியில் சூல்முடியையும் மகரந்தத்தையும் உரசாமல் போக முடியாது. ஆனால் இத்தனை பாடுபட்ட பூச்சிக்குத் தேன் எதுவும் கிடைப்பதில்லை.

காய் முற்றி வெடித்தாலும் தூசி போன்ற அதன் விதைகளில் சேமித்த உணவு இல்லை. மண்ணிலுள்ள குறிப்பிட்ட பூஞ்சையின் துணை கிடைத்தால்தான் அவை முளைக்கும். முளைத்தவை பூக்கும் பருவத்தை எட்டவும் ஆண்டுகள் பல ஆகும். ஆகவே ஒருவர் ஒரு தூரைப் பெயர்த்தெடுத்தால், அந்த இழப்பை அந்தச் சரிவு எளிதில் ஈடுசெய்துகொள்ளாது. புல்வெளியில் பரவும் தீயும் இதை அழிக்கிறது என்றாலும், இந்த இனத்தை அழிவின் விளிம்புக்குத் தள்ளியதில் பெரும்பங்கு சேகரிப்பாளர்களின் பேராசைக்கே உண்டு என்பது என் உறுதியான கருத்து.

சட்டம் இல்லாமல் இல்லை. 1991இல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காலணி ஆர்க்கிட்டுகளைக் காட்டிலிருந்து பறிப்பதையும் பெயர்ப்பதையும் தடைசெய்கிறது; அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் இவற்றை மிகக் கடுமையான முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. கேரளத்தின் பாலோடு வெப்பமண்டலத் தாவரவியல் பூங்காவின் விஞ்ஞானிகள் ஆய்வகத்தில் இதன் நாற்றுகளைப் பெருக்கி மீண்டும் மலையில் நட்ட முயற்சி போற்றுதலுக்குரியது. ஆனால் ஆளில்லாத மலைச்சரிவில் ஒவ்வொரு தூருக்கும் காவல் போட எந்த வனத்துறையாலும் முடியாது. இருக்குமிடம் பலருக்குத் தெரியாமல் இருப்பதுதான் இன்று அந்தச் செடிக்குள்ள முதல் பாதுகாப்பு.

எழுதவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தாமிரபரணித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த நம் பிள்ளைகள் அந்த ஆறு பிறக்கும் மலையில் இப்படியொரு பூ இருப்பதை அறிய வேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. அதற்கு ‘அகத்தியமலைப் பகுதி’ என்று குறிப்பிட்டாலே போதும். படத்தின் பின்னணியில் அடையாளம் சொல்லும் பாறையோ சிகரமோ தெரிந்தால் அதை வெட்டிவிட்டு வெளியிடுங்கள். இணையப் பதிப்பில் ஏற்றும் முன் படக்கோப்பில் பதிந்திருக்கும் இருப்பிடத் தகவலையும் நீக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.