கல்லைப் பற்றி மட்டும்

அம்முவுக்கு,

நீ அனுப்பிய படம் வந்தது. உன் அம்மா ஆமைகளைப் பார்த்தாள். நான் தொட்டியின் அடியைப் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெரிதாக்கி மறுபடியும் பார்த்தேன். பட்டாணி அளவில், நீலமும் வெள்ளையுமாகக் கல் பரப்பியிருக்கிறாய். அதை எடுத்துவிடு. கடிதத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம், முதலில் கல்லை எடுத்துவிட்டு வா.

போனில் சொல்ல இரண்டு நிமிடம் போதும். நீதான் எடுப்பதில்லை. குறையாகச் சொல்லவில்லை, வேலை இருக்கும்.

மற்றதெல்லாம் நன்றாகத்தான் செய்திருக்கிறாய். வெயில் காய மேடை, அதன் மேலே விளக்கு, ஏறி வரச் சரிவான பலகை, தொட்டிக்குத் தேவையானதை விடப் பெரிய ஃபில்டர். உன் வயதில் எனக்கு இந்தப் பொறுமை கிடையாது. அண்ணனிடம்கூடச் சொன்னேன். ஆனால் விளக்கைப் பற்றி அவ்வளவு படித்தவள், அடியில் போடுவதைப் பற்றி மட்டும் எப்படிப் படிக்காமல் விட்டாய்?

ஆமைக்கு வாய்க்குள் நுழைகிற எல்லாமே தீனிதான். தீனித் துணுக்கு கல்லுக்கிடையில் விழுந்தால் கல்லோடு சேர்த்துக் கவ்வும். பசியே இல்லாமலும் சில ஆமைகள் கல்லை விழுங்குவதுண்டு. சிறியது கழிவோடு வந்துவிடலாம். வராத கல் குடலை அடைத்துக்கொள்ளும். பிறகு தீனியைத் திரும்பிப் பார்க்காது, கழிவு போகாது, ஒரு மூலையில் அசையாமல் கிடக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டுக்குள் என்ன நடக்கிறது என்று யார் கண்டார்கள்?

கல் போட்டே ஆக வேண்டுமானால் ஆமையின் தலையை விடப் பெரியதாக, வழுவழுப்பான கூழாங்கல்லாகப் போடு. இன்றைய தலைக்கு அளவெடுக்காதே. சிவப்புக் காது ஆமை பெண்ணாக இருந்தால் ஓடு மட்டும் 25 முதல் 30 செ.மீ. வரை வளரும், தலையும் அதற்கேற்ப இருக்கும். உடைத்த கல்லும் சிப்பித்தூளும் வேண்டாம். முனைகள் அடி ஓட்டைக் கீறும், கீறலில் புண் வைக்கும். சிப்பியும் பவளத்தூளும் தண்ணீரைக் கடினமாக்கவும் செய்யும்.

மணல் என்றால் மிக நைசான மணல். ஊர்வனவற்றுக்கு என்று சுண்ணாம்பு மணல் விற்பார்கள், அதைத் தொடாதே, வயிற்றில் போய்க் கட்டியாகிவிடும். நல்ல மணலைத் தண்ணீர் தெளியும் வரை பலமுறை அலசி, இரண்டு மூன்று செ.மீ. உயரத்துக்குப் போட்டால் போதும். ஃபில்டர் உறிஞ்சும் குழாயை மணலிலிருந்து உயர்த்தி வை, இல்லாவிட்டால் மணல் உள்ளே போய் மோட்டாரை அரைத்துவிடும். மணலில் புதைந்து கிடக்க வேண்டியது மெல்லோட்டு ஆமைக்குத்தான். உன்னுடையவை அந்த வகை இல்லை.

என்னைக் கேட்டால் வெறும் கண்ணாடியே போதும். அழகாக இல்லை என்பாய். கழிவும் மிச்சத் தீனியும் கல்லுக்கடியில் போய் அழுகினால் தண்ணீரில் அம்மோனியா ஏறும். மேலே பளிங்காகத் தெரியும், அடியில் சாக்கடை. வெறும் அடி என்றால் குழாயைப் போட்டு ஐந்து நிமிடத்தில் உறிஞ்சிவிடலாம். கல்லை எடுத்துவிடு, அம்மு.

ஏற்கெனவே விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தால் வீட்டில் எண்ணெய் கிண்ணெய் புகட்டாதே. ஆமை பார்க்கிற மருத்துவரிடம் போய் எக்ஸ்ரே எடு. கல் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்க வேண்டும்.

தட்டையனின் எக்ஸ்ரேயை நான் பார்த்தேன். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். மருத்துவர் படத்தை வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பிடித்தார். ஓட்டின் வட்டத்துக்குள் ஏழு கல். மீன் தொட்டியில் மீந்தது வீணாகக் கிடக்கிறதே என்று நான் கொட்டிய கல். கொட்டும்போது நீ பக்கத்தில் நின்று, "இதைத் தின்றுவிடாதா அப்பா?" என்று கேட்டாய். "கல் எது தீனி எது என்று ஆமைக்குத் தெரியாதா, போய்ப் படி" என்றேன். உனக்கு அப்போது பதினொரு வயது.

அது போன பிறகு, நீ ஒழுங்காகத் தண்ணீர் மாற்றவில்லை, அதனால்தான் என்று உன்னிடம் சொன்னேன். அம்மாவிடமும் அதையே சொன்னேன். நீ எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு நம் வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டிகூட வரவில்லை. ஏன் என்று எல்லாரும் கேட்டார்கள், "என்னால் பார்த்துக்கொள்ள முடியாது" என்பாய். எனக்குத்தான் காரணம் தெரியும். இருபத்திரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. நீ ஒரு நாள் விடாமல் தண்ணீர் மாற்றினாய். வாளியைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் இழுத்துக்கொண்டு போவாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன்.

எது கெட்டுப்போனாலும் தன்னால்தான் என்று நினைக்கிற பழக்கம் உனக்கு இருக்கிறதாக அம்மா சொல்கிறாள். அது எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியாது. இன்று ராத்திரி சொல்லிவிடுகிறேன்.

இங்கே வேறு செய்தி இல்லை. அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சித்தி வந்து இரண்டு நாள் இருந்துவிட்டுப் போனாள், உன்னைக் கேட்டாள், நன்றாக இருக்கிறாய் என்றோம்.

தொட்டியைத் தொட்டால் கையைச் சோப்புப் போட்டுக் கழுவு.

கல்லை எடுத்த பிறகு ஒரு படம் அனுப்பு. தொட்டியின் அடி தெரிந்தால் போதும். பின்னால் அந்தச் சுவர் தெரிய வேண்டியதில்லை. அங்கே மாட்டியிருந்த படத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை.

அப்பா