அந்த 11 நிமிடங்களையும் திரையில் காட்டுங்கள்

செய்தித் தொலைக்காட்சிகளில் அறிவியல் நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். விண்கலச் செய்திகளை நீங்கள் எப்படி வழங்குகிறீர்கள் என்பதை உங்களுக்கே நான் விளக்க வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 18 அன்று நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஆய்வுக் கலம் செவ்வாயில் தரையிறங்கியதை அண்மையில் மறுபடியும் காட்டிய ஒரு நிகழ்ச்சியில், கட்டுப்பாட்டு அறையிலிருந்த பொறியாளர்கள் கலத்தை அங்குலம் அங்குலமாக இயக்கி இறக்கியதாகத் தொகுப்பாளர் உணர்ச்சி பொங்கச் சொன்னதைக் கேட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அன்று செவ்வாயிலிருந்து ரேடியோ சமிக்ஞை பூமிக்கு வந்து சேர 11 நிமிடம் 22 நொடி ஆனது. வளிமண்டலத்தில் நுழைந்தது முதல் தரையைத் தொடும் வரை கலத்துக்குப் பிடித்ததோ ஏறத்தாழ 7 நிமிடம். ஆக, கலம் நுழைந்துவிட்டது என்ற தகவல் இங்கே எட்டியபோது, அங்கே எல்லாம் முடிந்து நான்கு நிமிடங்களுக்கு மேலாகியிருந்தது. பாராசூட்டை விரித்ததும், கீழே தெரிந்த நிலத்தைப் படமெடுத்துத் தன்னிடமிருந்த வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாதுகாப்பான இடத்தைத் தேர்ந்ததும் கலத்தின் கணினியே. அறையிலிருந்தவர்கள் நம்மைப் போலவே கைகட்டிக் காத்திருந்தார்கள். நடுவில் தலையிட வழியில்லை என்று தெரிந்தே, வரக்கூடிய ஒவ்வொரு சிக்கலுக்கும் முன்கூட்டியே நிரல் எழுதிவைத்ததுதான் அவர்களுடைய சாதனை. அதையே தொகுப்பாளரின் அந்த ஒரு வாக்கியம் பறித்துக்கொண்டது.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். விண்கலச் செய்தி ஓடும்போதெல்லாம், சமிக்ஞை வந்து சேர எவ்வளவு நேரமாகிறது என்பதையும், நீங்கள் குறிப்பிடுவது கலத்தில் நிகழ்ந்த நேரமா, பூமியில் தெரியவந்த நேரமா என்பதையும் திரையின் ஒரு மூலையில் போடுங்கள்.

இயற்பியல் கற்பிப்பவன் என்பதால், அந்த வரி இல்லாததன் விளைவை வகுப்பறையில் சந்திப்பவன் நான். 2023 நவம்பரில், பூமியிலிருந்து மிகத் தொலைவில் சென்றுகொண்டிருக்கும் விண்கலமான வாயேஜர் 1 பொருளற்ற தரவுகளை அனுப்பத் தொடங்கியது. பழுதான நினைவகச் சில்லில் இருந்த நிரலை வேறிடத்துக்கு மாற்றும் கட்டளை 2024 ஏப்ரல் 18 அன்று அனுப்பப்பட்டது. போக இருபத்திரண்டரை மணி, வர இருபத்திரண்டரை மணி என்று ஆகி, அது பலித்த சேதி ஏப்ரல் 20 அன்றுதான் கிடைத்தது. இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவி எழுந்து, "1977இல் ஏவிய பழைய கலம், அதனால்தான் பதில் தாமதமாகிறது என்று டிவியில் சொன்னார்களே, புதிய கருவி இருந்திருந்தால் உடனே பதில் வந்திருக்குமா சார்?" என்று கேட்டாள். கேள்வியில் குறையில்லை, அவளுக்குக் கிடைத்த செய்தியில்தான் குறை. கருவி பழையதானால் நொடிக்கு அனுப்பக்கூடிய தரவின் அளவு குறையும். சமிக்ஞையின் பயண நேரத்தைத் தூரம்தான் தீர்மானிக்கும். 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவைக் கடந்த நியூ ஹொரைசன்ஸிலிருந்து சமிக்ஞை சுமார் நாலரை மணி நேரத்தில் வந்துவிட்டது. ஆனால் அது சேகரித்த தரவு முழுவதும் வந்து முடிய 2016 அக்டோபர் ஆயிற்று. நீங்கள் ஒன்றாகக் குழப்பிவிட்ட இரண்டையும் பிரித்துக் காட்ட அன்றைய பாடவேளை முழுவதும் போயிற்று.

கலத்திலிருந்து சேதி வரக் காத்திருக்கும் சில நிமிட மௌனத்தையும் நீங்கள் விட்டுவைப்பதில்லை, "தொடர்பு துண்டிப்பு?" என்று ஒரு வினாக்குறியோடு சிவப்புப் பட்டையில் ஓடவிடுகிறீர்கள். முந்தித் தருவது யார் என்ற போட்டி வேறு. 2017 செப்டம்பர் 15 அன்று சனியின் வளிமண்டலத்தில், அக்கோளைச் சுற்றிவந்த காசினி விண்கலம் எரிந்து 83 நிமிடங்கள் கழித்தே அதன் கடைசி சமிக்ஞை கான்பெராவிலுள்ள ஆன்டெனாவை எட்டியது. இல்லாத கலத்தின் சமிக்ஞை வந்துகொண்டிருந்த அந்த நேரம் முழுவதும் "முதன்முதலில் தருவது நாங்கள்" என்று பொறித்துக்கொள்ள உங்களுக்கு எவ்வளவு தோதாக இருந்திருக்கும்! ஒளியும் ரேடியோ அலையும் வெற்றிடத்தில் நொடிக்கு 2,99,792 கிலோமீட்டர்தான் செல்லும். விவாத மேடையில் நால்வரை உட்கார வைத்து இரவெல்லாம் கத்தவிட்டாலும் அது கூடப்போவதில்லை. தேர்தல், புயல், பங்குச்சந்தை என்று எதற்கும் பொறுக்காத உங்கள் அவசரத்துக்கு, கொஞ்சமும் விட்டுக்கொடுக்காத ஒரே துறை இதுவாகத்தான் இருக்கும்.

கடுமை கூடிவிட்டது, கேட்க வந்ததற்குத் திரும்புகிறேன். இதற்குத் தனி நிபுணர் தேவையில்லை. கலம் இருக்கும் தூரத்தை விண்வெளி நிறுவனங்களே வெளியிடுகின்றன. கிலோமீட்டரில் உள்ள அந்த எண்ணை மூன்று லட்சத்தால் வகுத்தால் நொடிக்கணக்கு கிடைத்துவிடும். நிலவுக்கு அது ஒன்றேகால் நொடிக்குச் சற்றுக் கூடுதல். செவ்வாய்க்கோ, இரு கோள்களும் இருக்கும் இடத்தைப் பொறுத்து 3 நிமிடம் முதல் 22 நிமிடம் வரை மாறும் என்பதால், பழைய செய்தியிலிருந்து எண்ணை எடுத்துப் போட்டுவிடாமல் ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒளி ஒரு முழு நாளில் கடக்கும் தொலைவை வாயேஜர் 1 வரும் 2026 நவம்பரில் எட்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அன்று ஒரு காலையில் அனுப்பும் கட்டளைக்கு மூன்றாம் நாள் காலையில்தான் பதில் வரும். அந்தச் செய்தியை வெளியிடும் நாளிலிருந்தாவது, சமிக்ஞையின் பயண நேரத்தைச் சொல்லும் அந்த ஒரு வரியைத் திரையில் சேர்க்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓர் இயற்பியல் ஆசிரியர்