சனிக்கிழமை இரவு நின்ற பில்லிங் சேவை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் சர்வரின் இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றுவதற்காக, சனிக்கிழமை இரவு 11 மணி முதல் ஞாயிறு காலை 6 மணி வரை பில்லிங் சேவை இருக்காது என்று சொல்லியிருந்தோம். திரும்ப வந்தது திங்கள் மதியம். அதுவரை பில்லைக் காகிதத்தில் எழுதிவைத்து, பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஏற்றியவர்கள் உங்களில் பலர். போனில் திட்டியவர்களும் உண்டு. திட்டியது நியாயம்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம்: யாருடைய கணக்கும் தொலையவில்லை. சேவையை நிறுத்திய பிறகுதான் முழு பேக்கப் எடுத்தோம். அதனால் நீங்கள் கடைசியாகப் போட்ட பில் வரை பத்திரமாக இருக்கிறது.

எங்கள் சர்வர் அதுவரை ஓடியது உபுண்டு லினக்ஸ் என்ற இயங்குதளத்தில், 2020 ஏப்ரலில் வந்த 20.04 பதிப்பில். அதன் ஐந்தாண்டு வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. அடுத்த பதிப்பான 22.04 வந்தபோதே மாறியிருக்க வேண்டும். ஒழுங்காக ஓடுகிறதை எதற்குத் தொடுவானேன் என்று விட்டுவிட்டோம். 20.04லிருந்து அதற்கும் அடுத்த 24.04க்கு நேராகத் தாவவும் முடியாது, நடுவில் 22.04ல் இறங்கித்தான் ஏற வேண்டும். இரண்டையும் ஒரே இரவில் முடித்துவிடலாம் என்று நாங்கள் போட்ட கணக்குதான் தப்பு. உபுண்டுவின் மேல் பழிபோட எதுவும் இல்லை.

அப்கிரேடு ஓடும்போது, நாங்கள் கைவைத்திருந்த அமைப்புக் கோப்பு வரும்போதெல்லாம் நின்று, பழையதை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்று கேட்கும். ஆறு வருடம் முன்னால் ஒரு வரியை எதற்கு மாற்றினோம் என்று ராத்திரி ஒரு மணிக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும்? எப்படியோ அதைத் தாண்டினோம். கடைசியில், வழக்கொழிந்த பேக்கேஜ்களை (பழைய மென்பொருள் தொகுப்புகளை) நீக்கிவிடவா என்று கேட்டது. சரி என்று அழுத்தினோம். அதில் ஒன்று உங்கள் கணக்குகளையெல்லாம் வைத்திருந்த தரவுத்தள மென்பொருளான போஸ்ட்கிரெஸ் 12.

புதிதாக வந்த போஸ்ட்கிரெஸ் 14, நிறுவும்போது 5432 என்ற போர்ட்டை (மற்ற மென்பொருள்கள் வந்து இணையும் வாசல் எண்ணை) பழையது பிடித்திருந்ததால், பக்கத்து 5433ல் போய் உட்கார்ந்திருந்தது. எங்கள் மென்பொருளோ 5432ஐயே தட்டிக்கொண்டிருந்தது. அதை 5433க்குத் திருப்பினோம். இணைப்பு கிடைத்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு வாடிக்கையாளர் பெயர்கூட இல்லை. அந்த வெற்றுத் திரையைப் பார்த்துக்கொண்டு மூன்று பேர் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். அப்புறம்தான் ஒருவர் டிஸ்க்கைப் பார்க்கச் சொன்னார். 12 என்ற பெயரிலேயே பழைய ஃபோல்டர் அப்படியே கிடந்தது, அளவும் குறையவில்லை. மென்பொருள் போனாலும் தரவு போகாது என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அதைத் திறக்க வேண்டிய 12ஆம் பதிப்பு, உபுண்டு 22.04 தன் மென்பொருள்களை எடுத்துத் தரும் களஞ்சியத்தில் கிடையாது. எனவே பேக்கப்பை 14க்குள் ஏற்றினோம். சரிபார்த்து முடிக்க ஞாயிறு பிற்பகல் ஆகிவிட்டது.

விடியற்காலை நாலு மணிக்கே பழைய நிலைக்குத் திரும்பியிருக்கலாம். இன்னும் அரை மணி நேரம், இன்னும் அரை மணி நேரம் என்று இழுத்தது எங்கள் பிடிவாதம்.

சரி, ஞாயிறே முடிந்ததே, திங்கள் வரை ஏன் என்று கேட்பீர்கள். சோதனைக்கு ஒரு பில் அச்சிட்டுப் பார்த்தபோது, மொத்தத் தொகைக்கு மேலே 'தள்ளுபடி' என்று ஒரு வரி, எதிரே தொகை இல்லாமல் நின்றது. காரணம், எங்கள் மென்பொருளை எழுதியிருக்கும் நிரல்மொழியான பிஎச்பி. அப்கிரேடில் அதுவும் புதிய பதிப்புக்கு மாறியிருந்தது. அதன் 7.4 பதிப்பு வரை, காலியாக விட்ட கட்டமும் சைபரும் ஒப்பிட்டால் ஒன்றுதான். 8 முதல் அவை வேறு வேறு. சைபர் என்றால் தள்ளுபடி வரியைக் காட்டாதே என்று நாங்கள் எழுதியிருந்தது, காலிக் கட்டத்தைக் கண்டதும் குழம்பிவிட்டது. உண்மையில் புதிய முறைதான் ஒழுங்கு. பழைய தாராளத்தில் நாங்கள் சோம்பேறித்தனமாக எழுதியிருந்தோம். பில்லில் தப்பாக ஒரு வரி வரும்போது சேவையைத் திறக்க மனம் வரவில்லை. அதுபோன்ற ஒப்பீடுகளை எல்லாம் தேடித் திருத்தினோம்.

ஒத்திகை பார்க்கவில்லையா என்றால், பார்த்தோம். ஒத்திகையில் தரவுத்தளம் தனிக் கணினியில் இருந்தது, மாதிரி பில்கள் எல்லாவற்றிலும் தள்ளுபடி நிரப்பியிருந்தது. இரண்டு சிக்கலும் கண்ணில் படாமல் போனதற்கு அதுதான் காரணம்.

எஸ்எஃப்டிபி (பாதுகாப்பாகக் கோப்பு எடுக்கும் முறை) வழியே தினசரி அறிக்கையை எடுப்பவர்களில் சிலருக்கு இன்னும் உள்ளே நுழைய முடியவில்லை. அந்த இணைப்பைக் கவனிக்கும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருளின் புதிய பதிப்பு, உள்ளே நுழைபவர் யார் என்று காட்ட ஷா-1 என்ற பழைய முறையில் போடும் டிஜிட்டல் கையொப்பத்தை ஏற்பதில்லை. 2017லேயே உடைத்துக் காட்டப்பட்ட முறை அது. ஒரு வரி சேர்த்தால் பழையபடி திறந்துவிடலாம், ஆனால் உங்கள் கணக்கு இருக்கும் இடத்தில் அதைச் செய்யமாட்டோம். உள்ளே நுழைய நீங்கள் வைத்திருக்கும் ஆர்எஸ்ஏ சாவிக் கோப்பை மாற்றத் தேவையில்லை. கோப்பு எடுக்கும் செயலியைப் புதிய பதிப்புக்கு மாற்றினால் போதும். முடியவில்லை என்றால் கூப்பிடுங்கள், கூடவே இருந்து செய்து தருகிறோம்.

இப்போது 22.04ல் நிற்கிறோம். அதற்கு 2027 வரை ஆதரவு உண்டு. 24.04க்குப் போவதை, உண்மையான தரவின் நகலில் ஒத்திகை பார்த்த பிறகே செய்வோம். இரண்டு வாரம் முன்னதாகத் தெரிவிப்போம். அன்று அதிகாலை 4 மணிக்குள் எல்லாம் சரியாகவில்லை என்றால், யார் என்ன சொன்னாலும் பழைய நிலைக்குத் திரும்பிவிடுவோம்.

காகிதத்தில் எழுதிய பில்களை ஏற்றும்போது வரிசை எண் மாறியிருந்தால் நீங்களே திருத்த வேண்டாம். எங்களுக்கு அனுப்புங்கள், இந்த வாரத்துக்குள் சரிசெய்து தருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் பில்லிங் சேவைக் குழு